கல்யாணமான நர்ஸ்கள் சின்ன ஆஸ்பத்திரியை விட்டுப் போவது ஏன்? (மார்த்தாண்டம் – பாறசாலை, பொள்ளாச்சி – கொழிஞ்சாம்பாறை வட்டாரம்)

வார்டு இன்சார்ஜ், குழித்துறை

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை வரை ரோட்டோரம் இருக்கிற 20, 30, 50 படுக்கை ஆஸ்பத்திரிகளில் "ஸ்டாஃப் நர்ஸ் தேவை" போர்டு இறங்குவதே இல்லை. நிர்வாகத்தைக் கேட்டால், கல்யாணம் ஆனதும் பிள்ளைங்க நிக்க மாட்டேங்குது என்பார்கள். குடும்பம், மாமியார், வீட்டுக்காரர் என்று காரணம் முழுவதும் வீட்டுப் பக்கம் போய்விடும். நான் சொல்ல வருவது வேறு. ரோஸ்டரை எடுத்து வைத்துக் கூட்டிப் பாருங்கள், காரணம் அதில்தான் இருக்கிறது.

30 படுக்கை ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்வோம். பகலில் வார்டுக்கு 2 பேர், கேஷுவாலிட்டிக்கு ஒருவர், லேபர் ரூமுக்கும் தியேட்டருக்கும் சேர்த்து ஒருவர். ஆக 4. நைட்டுக்கு 2. எல்லாம் 12 மணி நேர டியூட்டி. வாரத்துக்குப் பகல் 336 மணி, இரவு 168 மணி, மொத்தம் 504 மணி நேரம். சட்டப்படி ஒருவருக்கு வாரம் 48 மணி. அப்படியானால் பத்தரை ஆள் வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் சொல்கிற 30 சதவீத லீவ் ரிசர்வ் (லீவில் போகிறவருக்குப் பதில் ஆள்) சேர்த்தால் 14.

இந்த அளவு ஆஸ்பத்திரியில் ரோஸ்டரில் இருக்கிற பெயர் பெரும்பாலும் எட்டு. 504-ஐ எட்டால் வகுத்தால் ஒருத்திக்கு வாரம் 63 மணி. ஒருவர் பிரசவ லீவில் போனால் மீதி ஏழு பேருக்கு 72 மணி, அதாவது வாரம் ஆறு பன்னிரண்டு மணி டியூட்டி. அந்த நேரத்தில் இன்னொருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆறு பேருக்கு 84 மணி. ஏழு நாளும் டியூட்டி, ஆஃப் கிடையாது.

கல்யாணமான நர்ஸ் கேட்கிற லீவு அதிகம் இல்லை. சட்டம் கொடுக்கிற லீவைத்தான் கேட்கிறாள். ஆனால் அவள் எடுக்கிற ஒவ்வொரு லீவும் பக்கத்துப் படுக்கையைப் பார்க்கிற சிநேகிதியின் டபுள் டியூட்டியாக மாறுகிறது. மேலிடம் ஒன்றும் சொல்லாவிட்டால்கூட, அந்தக் கூச்சமே அவளை ராஜினாமா எழுத வைக்கும். இதை உடைத்துப் பேச வேண்டும் என்பதற்காகத்தான் இந்த இழை. அனுபவக் கதைகளைவிட கணக்கும் வழியும் தெரிந்தவர்கள் எழுதினால் நல்லது.

கொழிஞ்சாம்பாறை சேச்சி

அக்கா போட்ட கணக்கோடு இதையும் சேர்க்க வேண்டும். 12 மணி டியூட்டி 12 மணியில் முடிவதில்லை. எட்டு மணிக்கு ஷிப்ட் மாறுகிறது என்றால் ஹாண்ட்ஓவர் அரை மணி முதல் முக்கால் மணி. ட்ரிப் எவ்வளவு ஓடியிருக்கு, யூரின் எவ்வளவு, எந்த ஆன்ட்டிபயாடிக் அடுத்து எத்தனை மணிக்கு, டிஸ்சார்ஜ் யாருக்கு என்று படுக்கை படுக்கையாகச் சொல்லிக் கொடுக்காமல் கிளம்ப முடியாது. சின்ன இடத்தில் இதற்கு மேலே பில்லிங், இன்சூரன்ஸ் அனுமதிக்கான பேப்பர், மருந்து இன்டென்ட், ராத்திரி போன் எடுப்பது எல்லாம் நர்ஸ் தலையில்தான். பிறகு பஸ். வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் ராத்திரி எட்டரைக்கு மேல் பஸ்ஸை நம்பி நிற்க முடியாது, யாராவது வண்டியில் வந்து கூட்டிப் போக வேண்டும். ஆக வீட்டை விட்டு வெளியே இருப்பது 14 மணி நேரம்.

ஹாஸ்டலில் இருக்கும்போது இதே 12 மணி டியூட்டி வசதியாகத் தெரியும். சேர்த்துச் சேர்த்துப் பார்த்துவிட்டு நாலு நாள் ஊருக்குப் போகலாம். குழந்தை பிறந்த பிறகு அதே ஏற்பாடு ஆகவே ஆகாது. சின்னக் குழந்தை 14 மணி நேரம் தாயில்லாமல் இருக்காது, நைட் முடித்து வருகிற தாய் பகலில் தூங்கவும் விடாது. கேரளத்தில் நர்ஸ்கள் 6-6-12 கேட்டுப் போராடியதற்கு இதுதான் அடிப்படை: பகலில் ஆறு மணி நேர ஷிப்ட் இரண்டு, நைட் ஒன்று. 2012-இல் கேரள அரசு போட்ட பலராமன் கமிட்டி மூன்று ஷிப்டைப் பரிந்துரைத்தது. பெரிய ஆஸ்பத்திரிகளில் ஓரளவு நடக்கிறது. 30 படுக்கையில் ஆளே இல்லாதபோது ஷிப்டை எப்படி மூன்றாக்குவது?

தாய்ப்பால் விஷயம் யாரும் பேசுவதில்லை. சட்டப்படி குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை ஓய்வு நேரம் போக ஒரு நாளைக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. வீடு பக்கத்தில் இல்லை என்றால் பாலை எடுத்து வைக்க வேண்டும். அறைச் சூட்டில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள். சின்ன ஆஸ்பத்திரியில் இருக்கிற ஒரே ஃபிரிட்ஜ் தடுப்பூசி, இன்சுலின் வைக்கிறது. அதில் பால் வைக்கக் கூடாது: கதவை அடிக்கடி திறந்தால் 2 முதல் 8 டிகிரி என்ற வரம்பு போய்விடும், தொற்றுக் கட்டுப்பாட்டுக்கும் சரியில்லை. ஒரு சின்ன ஃபிரிட்ஜும் தாழ்ப்பாள் உள்ள ஒரு அறையும் போதும். அது இல்லாததால் பால் கட்டி, மார்பில் வீக்கம் வந்து, ஆறாவது மாதத்தில் வேலையை விடுகிறவர்கள் உண்டு.

கணக்குப்பிள்ளை, மார்த்தாண்டம்

நிர்வாகப் பக்கம் இருந்து எழுதுகிறேன். முதலாளிகள் பயப்படுவது 26 வாரப் பிரசவ லீவுச் சம்பளத்துக்கு. அந்தப் பயத்தில் பாதிக்கு அவசியமே இல்லை.

பிரசவப் பலன் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு, அதில் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கக்கூடியது 8 வாரம் வரை. உயிரோடு இரண்டு குழந்தை இருந்து அடுத்தது என்றால் 12 வாரம். கருச்சிதைவுக்கு 6 வாரம். பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்தபோதும் இந்த எண்கள் மாறவில்லை.

இ.எஸ்.ஐ.யில் (மாதா மாதம் பங்கு கட்டும் தொழிலாளர் காப்பீடு) இருக்கிற நர்ஸுக்கு இந்தப் பணத்தை ஆஸ்பத்திரி கொடுக்க வேண்டியதில்லை, இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் கொடுக்கும். மாதம் 18,000 சம்பளம் என்றால் முதலாளி பங்கு 3.25 சதவீதம், 585 ரூபாய். நர்ஸ் பங்கு 0.75 சதவீதம், 135 ரூபாய். பிரசவ நேரத்தில் அவளுக்கு 182 நாளுக்கு, நாள் 600 என்று வைத்தால், 1,09,200 ரூபாய் அவள் கணக்குக்கே வந்துவிடும். எட்டு நர்ஸுக்கு மாதம் 4,680 மிச்சப்படுத்துகிறேன் என்று இ.எஸ்.ஐ. கட்டாமல் இருக்கிறவர், ஒரே பிரசவத்தில் அதைவிட அதிகம் கைவிட்டுப் போகும் என்று பயந்து, வயிறு தெரிந்ததும் "வீட்டில் ரெஸ்ட் எடும்மா" என்கிறார். பதிவு செய்தால் அந்த ஆறு மாதச் சம்பளம் மிச்சம், அதில் தற்காலிக ஆள் போடலாம். இதை நான் எத்தனை முதலாளிகளிடம் சொன்னாலும் ஆடிட்டர் சொன்னால்தான் காது கொடுக்கிறார்கள். ஆடிட்டர்கள் சொல்ல வேண்டும்.

தொழிற்சட்டம், நாகர்கோவில்

கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னதில் இரண்டு இடத்தில் கவனம் தேவை.

இ.எஸ்.ஐ. வரம்பு மாதம் 21,000. அதற்கு மேல் போனால் நர்ஸ் வெளியே வந்துவிடுவார், அப்போது 26 வாரச் சம்பளம் முழுவதும் ஆஸ்பத்திரி பொறுப்பு. பாறசாலைப் பக்கம் இது நேரடியாக உதைக்கும். கேரள அரசு 2018 ஏப்ரலில் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 20,000 என்று அறிவித்தது, படிகள் சேர்ந்தால் 21,000 எளிதில் தாண்டும். சம்பளம் நடுவில் ஏறினால் அந்த ஆறு மாதப் பங்களிப்புப் பருவம் (ஏப்ரல்–செப்டம்பர் அல்லது அக்டோபர்–மார்ச்) முடியும் வரை பிடித்தம் தொடரும்.

அடுத்தது, இ.எஸ்.ஐ.யின் 70 நாள் நிபந்தனை. பிரசவம் ஜூலை முதல் டிசம்பருக்குள் என்றால் பார்க்கப்படுவது மார்ச்சில் முடிந்த பருவமும் அதற்கு முந்தையதும். அந்த இரண்டு பருவத்திலும் சேர்த்து 70 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும். ஏப்ரலுக்குப் பிறகு புதிதாகச் சேர்ந்து கட்டியது அந்தப் பிரசவத்துக்கு உதவாது. பிரசவம் ஜனவரி முதல் ஜூனுக்குள் என்றால் செப்டம்பரில் முடிந்த பருவமும் அதற்கு முந்தையதும். கல்யாணம் முடிந்து மாமியார் ஊருக்கு மாறும்போது இடையில் நாலைந்து மாதம் வேலை இல்லாமல் விட்டு, பிறகு இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் சேர்ந்தால், பலன் கையை விட்டுப் போவது இங்கேதான்.

கர்ப்பத்தின்போதோ லீவிலோ வேலையை விட்டு நீக்கினாலும் பிரசவப் பலன் கொடுத்தே ஆக வேண்டும். அதனால்தான் நீக்க மாட்டார்கள், ராஜினாமா எழுதச் சொல்வார்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் அவளாகவே போனாள் என்றாகிவிடும். "சொந்தக் காரணத்துக்காக விலகுகிறேன்" என்ற வரியை யார் சொன்னாலும் எழுதாதீர்கள். அதற்குப் பதிலாக எதிர்பார்க்கும் பிரசவ தேதி, லீவு தொடங்கும் தேதி, பணத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்ற விவரத்தோடு ஒரு நோட்டீஸ் எழுதி, டாக்டர் சான்றின் நகலை வைத்து, டெலிவரி சான்று கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் புகாராகப் போனால் முதலில் கேட்பது அந்த டெலிவரி சான்றைத்தான்.

புனலூர் ரோடு

பத்துப் பேருக்குக் கீழே, அதனால் இ.எஸ்.ஐ. வராது என்று கணக்குக் காட்டுகிற இடத்தில் என்ன செய்வது?

தொழிற்சட்டம், நாகர்கோவில்

எண்ணிக்கை நர்ஸ்களை மட்டும் வைத்து அல்ல. ரிசப்ஷன், லேப், பார்மசி, ஆம்புலன்ஸ் டிரைவர், துப்புரவு, வாட்ச்மேன், கான்ட்ராக்டில் வருகிறவர்கள் எல்லாரும் சேர்த்தி. 30 படுக்கையை ஒன்பது பேரை வைத்து நடத்த முடியாது. ஒருமுறை இ.எஸ்.ஐ.க்குள் வந்த நிறுவனம், பிறகு ஆள் குறைந்தாலும் உள்ளேதான் இருக்கும். டியூட்டி ரோஸ்டர், வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிற ஷிப்ட் பட்டியல், வருகைப் பதிவு இவற்றைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் ஆள் எண்ணிக்கைக்கு அதுவே சாட்சி.

தியேட்டர் சிஸ்டர், செங்கோட்டை

சம்பளமும் லீவும் பேசியாயிற்று. வயிற்றில் பிள்ளையோடு வேலை பார்ப்பதில் உள்ள அபாயத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் பலர் விலகுகிறார்கள்.

எலும்பு ஆபரேஷன் நடக்கிற சின்ன ஆஸ்பத்திரியில் சி-ஆர்ம் (தியேட்டர் எக்ஸ்ரே கருவி) ஓடும்போது கருவி எடுத்துக் கொடுக்கிற ஸ்கிரப் நர்ஸ் ஒருத்திதான். பெரிய இடத்தில் கர்ப்பம் என்று சொன்னதும் வேறு ஆளை மாற்றிவிடுவார்கள். இங்கே மாற்ற ஆள் இல்லை. கதிர்வீச்சு வேலையில் இருக்கிற கர்ப்பிணி எழுத்தில் தெரிவித்த பிறகு கருவுக்குப் போகும் அளவு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. கதிர்வீச்சை அளக்கிற டோஸ் பேட்ஜே கொடுக்காத இடத்தில் தாண்டியதா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஈய ஏப்ரன் கிழிந்திருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. மடித்து வைத்தால் உள்ளே விரிசல் விடும், தொங்கவிட வேண்டும்.

ஊசி குத்தும் விபத்தும் அப்படித்தான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ். மூன்றும் போட்டபின் ஆன்ட்டிபாடி 10-க்கு மேல் இருக்கிறதா என்று டெஸ்ட் எடுத்தால்தான் நிம்மதி. குத்தின உடனே சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணியைத் தாண்டக் கூடாது. மருந்து ஸ்டாக் இல்லாத ஆஸ்பத்திரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஓட வேண்டும். நைட்டில் இரண்டே பேர் இருக்கும்போது வார்டை விட்டு யார் போவது?

கேட்டுப் பெறக்கூடியது ஒன்று உண்டு. பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் முன்னால் இருக்கிற ஒரு மாதத்தில், நர்ஸ் கேட்டால் நீண்ட நேரம் நிற்கிற வேலையோ கடினமான வேலையோ கொடுக்கக் கூடாது. நோயாளியைப் புரட்டுவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, ஆறு மணி நேரம் தியேட்டரில் நிற்பது எல்லாம் அதில் வரும். வாயால் சொன்னால் நிற்காது, எழுதிக் கொடுங்கள்.

வளைகுடா தேர்வுக்காரர்

கல்யாணத்துக்குப் பிறகு வெளிநாடு போக நினைக்கிறவர்கள் சின்ன ஆஸ்பத்திரியை விடுவதற்கு வேறு காரணம் இருக்கிறது: அங்கே பார்த்த வருடம் கணக்கில் வருவதில்லை. வளைகுடா விளம்பரங்களில் இரண்டு வருட அனுபவம், அதுவும் 100 படுக்கைக்கு மேல், குறிப்பிட்ட துறையில் என்று கேட்கிறார்கள். சின்ன இடத்தில் ஒரே ஆள் வார்டு, லேபர் ரூம், கேஷுவாலிட்டி எல்லாம் பார்ப்பாள். திறமை கூடத்தான் செய்யும், ஆனால் சான்றிதழில் "ஐ.சி.யூ. 2 வருடம்" என்று எழுத முடியாது. பிறகு டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் சான்றிதழ் சரிபார்ப்பு வரும்போது ஆஸ்பத்திரியின் மின்னஞ்சலுக்குக் கடிதம் போகும். பதில் போட யாரும் இல்லை என்றால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். சேருவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குச் சொந்தப் பெயரில் மின்னஞ்சல், லெட்டர்ஹெட், பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரசவத்துக்காக இரண்டு வருடத்துக்கு மேல் இடைவெளி விட்டால் பல இடங்களில் தகுதி போய்விடும். அதனால் 26 வார லீவோடு தொடர்ச்சியைக் காப்பாற்றிக் கொடுக்கிற ஆஸ்பத்திரிக்கு, சம்பளம் இரண்டாயிரம் குறைந்தாலும், மாறலாம் என்பது என் கருத்து.

எல்லைக்கோடு

எல்லையில் கட்டிக்கொடுக்கிற பெண்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் பதிவு. தமிழ்நாடு கவுன்சிலில் பதிவு செய்தவர் பாறசாலையிலோ பாலக்காட்டுச் சித்தூரிலோ வேலை பார்க்க வேண்டுமானால் கேரள நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிய வேண்டும். களியக்காவிளை ஜங்ஷனிலிருந்து பாறசாலை கூப்பிடு தூரம், ஆனால் தடையில்லாச் சான்று 700 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையிலிருந்து வர வேண்டும்.

வரிசை இதுதான். முதலில் தமிழ்நாட்டுப் பதிவு நடப்பில் இருக்க வேண்டும், காலாவதியானால் புதுப்பித்த பிறகே எதுவும் நகரும். இந்திய நர்சிங் கவுன்சிலின் பதிவேட்டில் தேசிய அடையாள எண் வாங்கி, ஆதாரில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயரைச் சேர்த்து, சான்றிதழில் அப்பா இனிஷியல் இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். முடிந்தால் பதிவு மாற்றம் முடியும் வரை ஆதாரைத் தொடாதீர்கள். அதன்பின் சென்னைக் கவுன்சிலில் தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பம், பிறகு திருவனந்தபுரத்தில் பதிவு. மாதக்கணக்கில் ஆகும். நிச்சயதார்த்தம் முடிந்ததுமே தொடங்கிவிடுவது நல்லது.

பதிவு வராத அந்த மாதங்களில்தான் சின்ன ஆஸ்பத்திரிகள் "டிரெயினி" என்று பாதிச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பதிவில்லாமல் நர்ஸ் வேலை பார்ப்பது சட்டப்படி தவறு, ஏதாவது ஆனால் பழி முழுக்க அந்தப் பெண் மேல் விழும். அசல் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பீரோவில் பூட்டுகிற பழக்கமும் இந்த மாதங்களில்தான் தொடங்கும். நகலில் கையெழுத்திட்டுக் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுக் கையோடு திருப்பி வாங்குங்கள். பாண்டு (இத்தனை வருடம் விட்டுப் போக மாட்டேன் என்று எழுதி வாங்குவது), அசல் பிடித்துவைப்பது இரண்டுமே கூடாது என்று நர்சிங் கவுன்சிலே சொல்லியிருக்கிறது.

வார்டு இன்சார்ஜ், குழித்துறை

சம்பளம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு போட்ட குழு, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸ் சம்பளத்துக்குச் சமம், 100 முதல் 200 வரை 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50-க்குக் கீழே குறைந்தது 20,000 என்று பரிந்துரைத்தது. ஆக சின்ன ஆஸ்பத்திரிக்கும் ஒரு தரை போட்டிருக்கிறார்கள். குழித்துறையில் நின்று பார்த்தால் எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தத் தரை இல்லை. எல்லை தாண்டி அரை மணி நேரத்தில் கூடுதல் சம்பளம் இருக்கும்போது பிள்ளைங்க ஏன் நிக்கும்?

கணக்குப்பிள்ளை, மார்த்தாண்டம்

சரிதான் அக்கா. ஆனால் 30 படுக்கைக்காரரிடம் 14 பேரைப் போடு என்றால் கதவைச் சாத்திவிடுவார். நடக்கக்கூடியதைச் சொல்கிறேன்.

பகலில் காலை 8 முதல் மதியம் 2 வரைதான் வேலை அதிகம்: ரவுண்ட்ஸ், டிரெஸ்ஸிங், டிஸ்சார்ஜ், ஆபரேஷன். அந்த ஆறு மணி நேரத்துக்கு மட்டும், வாரம் ஆறு நாள், 36 மணி என்று பகுதி நேர நர்ஸ் இரண்டு பேரை எடுக்கலாம். பிள்ளை ஸ்கூலுக்குப் போகிற வயதில் வேலையை விட்டவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள், பதிவும் அனுபவமும் உள்ளவர்கள். மணிக்கணக்கில் பார்த்தால் முழு நேரத்தில் ஒன்றரை ஆள் சம்பளம். 504-இல் 72 மணி இவர்கள் எடுத்தால் எட்டுப் பேருக்கு மீதி 432, ஆளுக்கு 54 மணி. 63-க்கும் 54-க்கும் உள்ள வித்தியாசம் வாரம் 9 மணி, அதாவது நாலு வாரத்தில் மூன்று ஆஃப்.

அடுத்து, ரோஸ்டரை நாலு வாரத்துக்கு முன்பே ஒட்ட வேண்டும். இன்று ராத்திரி நாளைய டியூட்டி தெரிகிற இடத்தில் பிள்ளையை யாரிடம் விடுவது என்று ஏற்பாடு செய்யவே முடியாது. இதற்குப் பைசா செலவில்லை.

பக்கத்துப் பக்கத்து மூன்று ஆஸ்பத்திரி சேர்ந்து லீவில் போகிறவருக்குப் பதில் பார்க்க இரண்டு ரிலீவர் வைத்துக்கொள்ளலாம். யார் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள், இ.எஸ்.ஐ. யார் கட்டுவது என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை சேச்சி

பகுதி நேரம் நல்ல யோசனை. ஆனால் அவர்களை நைட் போட மாட்டோம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். ரெண்டு மாதம் ஆறு மணி, மூன்றாவது மாதம் "இன்னிக்கு மட்டும் நைட் பாரும்மா" என்று தொடங்கினால் போய்விடுவார்கள். புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் ராத்திரி 7 மணிக்குப் பிறகும் காலை 6-க்கு முன்பும் பெண்ணை வேலை வாங்க அவள் சம்மதம் வேண்டும், பாதுகாப்பு முதலாளி பொறுப்பு என்று இருக்கிறது. சம்மதக் கடிதத்தை வேலையில் சேரும் நாளே பொதுவாக வாங்கிவிடுகிறார்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

புனலூர் ரோடு

கடைசியாக ஒரு கேள்வி. நாலே முக்கால் வருடம் ஆனவர், அதில் ஒரு பிரசவ லீவு. இப்போது விட்டால் கிராஜுவிட்டி உண்டா? பி.எஃப். எடுக்கலாமா?

தொழிற்சட்டம், நாகர்கோவில்

ஐந்து வருடம் என்பது பொது விதி. நாலு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை இருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. 26 வாரம் வரையிலான பிரசவ லீவும் அந்த 240-இல் சேரும். ஆனாலும் வழக்குக்குப் போகாமல் வாங்க வேண்டுமானால் மூன்று மாதம் பொறுத்து ஐந்தை முடித்துவிட்டு விலகச் சொல்லுங்கள். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 14,000 என்றால், அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து ஐந்து வருடத்தால் பெருக்கினால் 40,385 ரூபாய். விண்ணப்பத்தை விலகின 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டாம். அடுத்த இடத்தில் சேர்ந்ததும் அதே யு.ஏ.என். (பி.எஃப். அடையாள) எண்ணுக்கு மாற்றினால் பென்ஷனுக்கான பத்து வருடக் கணக்கு தொடரும், பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் திரும்பப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். திரும்ப எப்போது வேலைக்கு வருவோம் என்று தெரியாதவர்கள் ஃபாரம் 10சி போட்டு ஸ்கீம் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளலாம். பழைய ஆஸ்பத்திரி விலகல் தேதியைப் போடவில்லை என்றால் எதுவும் நகராது. கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து அந்தத் தேதியை நீங்களே போர்ட்டலில் பதியலாம். ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியும் அதுவும் ஒன்றாக இருக்கட்டும்.